‘அந்தக் கறுப்புப் பையன்’: பள்ளியில் பெரியவர்கள் காட்டும் நிறப் பாரபட்சம்

நீலமை:
பிள்ளைகள் ஒருவரையொருவர் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது பற்றி இந்த இணைய மன்றத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. நான் கேட்க வந்தது பெரியவர்களைப் பற்றி.

ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரே பெயரில் இரண்டு மாணவிகள் இருந்தால், ஆசிரியர் அறையில் ஒருத்தியின் பெயருக்கு முன்னால் ‘கறுப்பு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. மற்றவளுக்கு எந்த ஒட்டும் தேவைப்படுவதில்லை. “அந்தக் கறுப்புப் பையனா கணக்கை முதலில் போட்டான்? பரவாயில்லையே!” என்று ஒருவர் சொல்கிறார், யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. சொன்னவர் கெட்டவரும் இல்லை. மாலையில் அந்தப் பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

இந்தப் பேச்சு வெறும் பேச்சோடு போகிறதா, இல்லை மதிப்பெண், தண்டனை, வாய்ப்பு என்று உள்ளே இறங்குகிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆசிரியராக இருந்து நீங்களே பட்டது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

கடைசிபெஞ்ச்:
குண்டன், குட்டையன், சோடாபுட்டி, பல்லன். எங்கள் வகுப்பில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. என்னுடையதை இங்கே எழுதினால் மாடரேட்டர் பதிவையே தூக்கிவிடுவார். எல்லாரும் வளர்ந்து, வேலைக்குப் போய், நன்றாகத்தான் இருக்கிறோம். நிறத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்து அழுவது ஏன்? அடையாளத்துக்கு ஒரு சொல் வேண்டும், சொல்கிறார்கள். அவ்வளவுதானே?

சாய்சதுரம்:
கேள்வி நியாயம்தான். ஆனால் நீலமை டீச்சர் கேட்டது பட்டப்பெயரைப் பற்றி இல்லை. “உள்ளே இறங்குகிறதா” என்றுதான் கேட்டார். இறங்குகிறது.

அமெரிக்காவில் லான்ஸ் ஹேனனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாடு முழுவதும் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு சேர்த்த தரவை எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களுக்குள்ளேயே தோலின் அடர்த்திக்கும் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுவதற்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். மாணவிகளிடம் அந்தத் தொடர்பு அழுத்தமாக இருந்தது. மிக அடர்ந்த நிறமுள்ள மாணவிகள் இடைநீக்கம் ஆகும் வாய்ப்பு, மிக வெளிர்ந்த நிறமுள்ளவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இடைநீக்கம் என்றால் நோட்டில் வந்த கையெழுத்து, வீட்டுக்குப் போன கடிதம், தவறிப்போன பாடம். சோடாபுட்டிக்கு இது நடக்காது.

கடைசிபெஞ்ச்:
அது அவர்களுடைய இனப் பிரச்சினை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லா ஊர்ப் பள்ளிக்கும் பொருத்துவது சரியா?

சாய்சதுரம்:
அதனால்தான் இந்த ஆய்வை எடுத்தேன். ஒப்பிட்டது கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் அல்ல. எல்லாரும் ஒரே இனத்தவர் என்று பதிவானவர்கள், மாறுவது நிறத்தின் அடர்த்தி மட்டும். ஆகவே இனத்தின் பெயர் சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. இங்கே அடிக்கடி பகிரப்படும் வேறு சில ஆய்வுகள் இனத்தைத்தான் அளக்கின்றன. அவற்றை நானும் இந்த இழைக்குக் கொண்டுவரவில்லை.

இந்த ஆய்விலும் ஒரு பலவீனம் உண்டு. நிறத்தைக் குறித்தவர் பேட்டி எடுக்கப் போனவர், தன் கண்ணால் பார்த்து ஒரு எண் போட்டார். அவர் கண்ணிலேயே சாய்வு இருக்கலாம் இல்லையா?

மழைக்குருவி:
“எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்” என்று சொல்பவர்கள் யார் என்று பார்த்தால் இங்கே வந்து எழுதுகிறவர்கள். கையைத் தூக்குவதை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர்கள் இந்த இழைக்கு வர மாட்டார்கள், கடைசிபெஞ்ச் சார்.

எனக்கு நினைவிருப்பது வசவுகள் இல்லை. பாராட்டுகள்தான். “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.” “நிறம் இல்லாவிட்டால் என்ன, நன்றாகப் படிக்கிறாள்.” ஒவ்வொரு பாராட்டுக்கும் முன்னால் ஒரு கழித்தல் இருந்தது. நன்றாகப் படிப்பது என்பது எனக்குப் பிடித்ததைச் செய்வதாக இல்லாமல், ஏதோ ஒரு கடனை அடைப்பதாக ஆகிப்போனது. அப்புறம் விளையாட்டு. நான் நன்றாக ஓடுவேன். பயிற்சி உச்சி வெயிலில் நடக்கும். “இன்னும் கறுத்துப் போவாய், போதும்” என்று சொன்னது வீடு மட்டுமில்லை, வகுப்பாசிரியையும்தான். அக்கறையாகத்தான் சொன்னார். ஓட்டத்தை விட்டுவிட்டேன். இதை எந்தப் புகார்ப் பெட்டியில் போடுவது?

இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். துறைக்கு வரும் வெளியாட்கள் என்னைத் தாண்டி என் பக்கத்தில் நிற்கும், போன வருடம்தான் சேர்ந்த, வெளுத்த நிறமுள்ள உதவிப் பேராசிரியரிடம் “மேடம், துறைத்தலைவர் நீங்கள்தானே?” என்று கேட்பார்கள். தலைவர் நான். என் கையில் சாவிக்கொத்து இருந்தால், அறையைத் திறந்துவிட வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் மாணவர்கள் எழுந்து நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்கூட வித்தியாசப்படும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், அது வேறு. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அந்த இரண்டு வாரத்தை நான் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும், அவருக்கு அது சும்மா கிடைக்கிறது.

நீலமை:
நன்றி மழைக்குருவி அக்கா. “ஒவ்வொரு பாராட்டுக்கும் முன்னால் ஒரு கழித்தல்”. எங்கள் அறையில் கேட்கிற அந்த “பரவாயில்லையே”வும் இதே ரகம்தான்.

சாய்சதுரம்:
அந்தப் “பரவாயில்லையே”வுக்கு ஒரு பரிசோதனையே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவி பென்-சீவ் குழு 2014-இல் வெளியிட்டது. பங்கேற்பவர்களின் கண்முன்னே ஒரு சொல்லைக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டுவார்கள். சிலருக்கு ‘படித்தவர்’, சிலருக்கு ‘அறியாதவர்’ என்ற பொருளில். உடனே ஒரு கறுப்பின ஆணின் முகம். பிறகு ஏழு படங்கள்: அதே முகம், அதைவிடக் கறுப்பாக மூன்று, வெளுப்பாக மூன்று. “நீங்கள் பார்த்தது எது?” ‘படித்தவர்’ என்ற சொல்லைப் பார்த்தவர்கள், வெளுத்த படங்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது கூடுதல்.

கெட்டிக்காரக் கறுப்புப் பையன் என்பது நினைவில் பொருந்தாமல் உறுத்துகிறது. அந்த உறுத்தலைத் தீர்க்க மனம் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அவனைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டிய எண்ணம் அப்படியே இருந்துவிடுகிறது. ஆசிரியர்கள் எத்தனை கெட்டிக்காரக் கறுப்புப் பிள்ளைகளைப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு பிள்ளை அப்பா:
என் பிள்ளைகள் இருவரும் ஒரே பள்ளி. பெரியவன் என் நிறம், சின்னவள் அம்மா நிறம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே டியூஷன். சின்னவளை முதல் வாரத்திலேயே எல்லா ஆசிரியருக்கும் பெயரோடு தெரியும். பெரியவனை மூன்றாம் ஆண்டிலும் “அவளுடைய அண்ணன்” என்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அவனை வைத்துக்கொண்டே “இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்களா? நம்பவே முடியவில்லை” என்று ஒருவர் சிரிக்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன். வேறென்ன செய்ய?

இதில் சின்னவளுக்கும் நஷ்டம் இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. யார் வந்தாலும் பூங்கொத்து கொடுக்க அவளை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போகிறார்கள். பின்னம் நடத்தின வாரம் முழுக்க அவள் ஒத்திகையில் இருந்தாள். இன்றுவரை பின்னம் வராது.

வெளுத்த பென்சில்:
மேலே சொன்ன சின்னவள் நான்தான். (வேறு வீட்டுச் சின்னவள்.)

பள்ளி முழுக்க என்னை முன்வரிசையில்தான் நிறுத்தினார்கள். நாடகத்தில் தேவதை, இளவரசி, தாய்நாடு. வசனம் மறந்தாலும் அடுத்த ஆண்டும் நான்தான். என்னைவிட நன்றாக நடிக்கும் தோழிக்கு அரக்கி, சூனியக்காரி, மரம். அவள் மரமாக நின்றபோதுகூட நன்றாக நின்றாள். நாங்கள் பேசிக்கொள்வதை நிறுத்தியது அந்த வயதில்தான். காரணம் இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை.

இன்னொன்று. நான் செய்த குறும்புக்கெல்லாம் “துறுதுறுப்பு” என்று பெயர். அவள் செய்தால் “திமிர்”.

சாய்சதுரம்:
அந்த இரண்டு சொல்லையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இடைநீக்க ஆய்வுகளில் நான் கவனித்தவரை, திருட்டு, அடிதடி மாதிரி கண்ணால் காணக்கூடிய குற்றங்களில் பாரபட்சம் புகுவது கஷ்டம். ‘மரியாதைக் குறைவு’, ‘எதிர்த்துப் பேசுதல்’, ‘முறைத்தல்’ என்று பார்ப்பவர் மனதுக்கு விட்டுவிட்ட இடங்களில் சுலபமாகப் புகுந்துவிடும்.

இருட்டறை:
புகைப்படத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒரு கிளைக்கதை. வகுப்பு குரூப் போட்டோவில் கறுத்த பிள்ளைகள் பல்லும் கண்ணுமாக மட்டும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் முகம் அதற்குக் காரணமில்லை. வண்ணப் பிரிண்ட் போடும்போது சரிபார்க்கக் கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும், ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் வெள்ளைத் தோலுள்ள ஒரு பெண். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல பத்தாண்டுகள் இதுதான் அளவுகோல். ஃபிலிமின் ரசாயனமும் அதற்கேற்றபடியே இருந்தது.

பள்ளிப் படத்தில் பிள்ளையின் முகமே தெரியவில்லை என்று கறுப்பினத் தாய்மார்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனியை அசைத்தது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். மர நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை, டார்க் சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் ஒன்றுபோல விழுகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் இதைத் தேடி எடுத்து 2009-இல் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் முகம் செய்யாததை அலமாரி செய்தது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஃபிலிம் போய்விட்டது, பிரச்சினை கேமராவுக்குள்ளேயே இடம் மாறிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018-இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் மூன்றைச் சோதித்தார். வெளிர்ந்த நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். அடர்ந்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. வீட்டிலிருந்து தேர்வு எழுதும்போது கண்காணிக்கும் மென்பொருளும் முகத்தைத் தேடுகிற ரகம்தான். “முகம் தெரியவில்லை, வெளிச்சத்தைக் கூட்டவும்” என்று வந்தால் தேர்வு நேரத்தில் பிள்ளை டேபிள் விளக்கைத் தேடி ஓடும்.

குரூப் போட்டோ எடுக்கும் ஆசிரியர்களுக்கு: வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தாதீர்கள், கேமரா சுவரைப் பார்த்து ஏமாந்துபோகும். மொபைல் என்றால் வரிசையில் மிகக் கறுத்த முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். எடுத்த பிறகு எந்த ‘அழகு’ ஃபில்டரும் வேண்டாம். ஆண்டு மலரில் பிள்ளைகளை வெளுப்பாக்கி அச்சடிக்கும் பள்ளிகளை எனக்குத் தெரியும், செய்து கொடுத்த ஸ்டூடியோக்களையும் தெரியும்.

கடைசிபெஞ்ச்:
இருட்டறை அண்ணே, சாக்லேட் கதை எனக்குப் புதுசு. ஒப்புக்கொள்கிறேன், கருவியிலேயே சாய்வு இருக்கிறது. ஆனால் கருவி வேறு, ஆசிரியர் வேறு. கருவிக்கு மனசாட்சி கிடையாது.

மழைக்குருவி:
மனசாட்சி இருக்கிறவர்கள்தான் என்னை ஓட்டத்தை விடச் சொன்னார்கள்.

மாடரேட்டர்:
பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர், பிள்ளைகளின் படம் எதுவும் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

நூலகப்பூனை:
பள்ளி நூலகத்தில் இருக்கிறேன். சின்ன வகுப்புகளில் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் தங்களை வரைந்து, முகத்துக்கு இளஞ்சிவப்பு பென்சிலைக் கேட்பார்கள். அதற்கு ‘தோல் கலர்’ என்று பெயர். க்ரேயோலா கம்பெனி தன் ‘சதை நிற’ க்ரேயானின் பெயரை 1962-இலேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. 2020-இல் தோல் நிறங்களுக்கென்று 24 க்ரேயான்கள் கொண்ட பெட்டியும் போட்டது. நம் வகுப்பறைகளில் பென்சில் அப்படியேதான் இருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்பவர்களுக்கு: அமெரிக்க உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைப் பரிசோதனையை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறம் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும் பொம்மைகள், மூன்று வயது முதல் ஏழு வயது வரை 253 கறுப்பினக் குழந்தைகள், நல்ல பொம்மை எது என்ற கேள்வி. பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. அதே தம்பதி இன்னொன்றும் செய்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. கோட்டோவியத்தைக் கொடுத்து “இது நீ, வண்ணம் தீட்டு” என்றார்கள். தன் நிறத்தைவிட வெளுப்பாகத் தீட்டிக்கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

2010-இல் மார்கரெட் பீல் ஸ்பென்சர் என்ற உளவியலாளர் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்காக இதைத் திருப்பிச் செய்தபோது, இரண்டு பொம்மைக்குப் பதில் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஐந்து நிறப் படங்களை வைத்தார். “கெட்டிக்காரப் பிள்ளை எது, மக்குப் பிள்ளை எது” என்றும் கேட்டார். சாய்வு வெள்ளைக் குழந்தைகளிடம்தான் அதிகம், கறுப்பினக் குழந்தைகளிடமும் கொஞ்சம் இருந்தது. அழகைப் பற்றின கேள்வியோடு நின்றிருந்தால் நான்கூட இதை விட்டிருப்பேன். கெட்டிக்காரத்தனத்தையும் அந்த வயதிலேயே நிறத்தில் தேடுகிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.

உயிரணு:
உயிரியல் ஆசிரியர். இந்தப் பாடத்தை நாமே சரியாக நடத்துவதில்லை என்பது என் கோபம். ‘மெலனின் அதிகம் இருந்தால் கறுப்பு’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம், ஏதோ கூடிப்போன உப்பு மாதிரி. மெலனினைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை செய்து அனுப்பும் மெலனின் பைகளின் அளவு, வகை, பரவல் இவைதான் மாறும். ஏன் மாறியது என்பதற்கு நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-இல் கொடுத்த விளக்கத்தை ஒன்பதாம் வகுப்புக்கே சொல்லலாம்: புற ஊதாக் கதிர் அதிகமாக விழும் இடத்தில் உடலின் ஃபோலேட் என்ற வைட்டமின் அழியாமல் காக்கக் கறுத்த தோல், குறைவாக விழும் இடத்தில் வைட்டமின் டி தயாரிக்க வெளிர்ந்த தோல். உலக வரைபடத்தில் கதிர் அளவையும் தோல் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், பிள்ளைகள் தாங்களே பேசத் தொடங்குவார்கள். வெளுப்புதான் இயல்பு, கறுப்பு என்பது அதில் எதுவோ கூடிப்போனதால் வந்த குறை என்ற நினைப்பு அங்கே உடையும்.

முகப்பூச்சு பற்றி. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் எதையோ தடவுகிறார்கள். சில க்ரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருள்களில் அதற்கு முதலில் வைத்த வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 2023-இல் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். சந்தையில் பிடிபடும் சரக்குகளில் அந்தப் பழைய வரம்பைப்போலப் பல ஆயிரம் மடங்குகூட இருந்திருக்கிறது. இன்னும் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு. முதல் மாதம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, வெயிலில் நிற்க முடியாது. காலை அணிவகுப்பில் மயங்குகிற, பி.டி. வகுப்புக்கு வர மறுக்கிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், எதைத் தடவுகிறாய் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: புத்தகத்தில் ‘தோல் சிவந்திருக்கும்’, ‘வெளிறியிருக்கும்’ என்று போட்டிருப்பது கறுத்த தோலில் தெரியாது. கீழ் இமையின் உள்பக்கம், உதடு, உள்ளங்கை பாருங்கள். தடிப்பு என்றால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கலாம்.

நீலமை:
உயிரணு சார், அந்த வரைபடப் பாடத்தை அடுத்த வாரமே எடுக்கப்போகிறேன். எங்கள் தலைமையாசிரியர் “பயிற்சிப் பட்டறை வைக்கலாமா, நாலு போஸ்டர் ஒட்டலாமா” என்று கேட்கிறார். கறுப்பும் அழகே என்கிற மாதிரி.

மழைக்குருவி:
போஸ்டர் வேண்டவே வேண்டாம். இதில் எனக்குத் தயவுதாட்சண்யமே கிடையாது. கறுப்பும் அழகே என்று எழுதி ஒட்டினால், வகுப்பில் இருக்கும் ஐந்து கறுத்த பிள்ளைகளை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ‘உம்’மைப் பார்த்தாலே பத்திக்கொண்டு வருகிறது. அப்புறம், பள்ளிக்கூடத்தில் எதற்கு அழகைப் பற்றிப் பேச வேண்டும்? எனக்கு அங்கே அழகு தேவைப்படவில்லை, ஓட விட்டிருந்தால் போதும்.

மேக்சின் தாம்ப்சனும் வெர்னா கீத்தும் 2001-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பார்த்ததில், நிறம் பெண்களின் சுயமதிப்பைத் தொட்டது, ஆண்களிடம் ‘என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கையைத் தொட்டது. நல்ல வேலையில் நல்ல நிலையில் இருந்த பெண்களிடம் நிறத்தின் பாதிப்பு குறைந்தது. ஆக, பிள்ளைக்குத் தேவை திறமையைக் காட்ட ஓர் இடம். போஸ்டர் அதைத் தராது.

கடைசிபெஞ்ச்:
முதல்முறையாக அக்காவோடு ஒத்துப்போகிறேன். பயிற்சிப் பட்டறைக்கும் அதே கதிதான். மறைமுகச் சாய்வை, அதாவது நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் பாரபட்சத்தைக் குறைக்கிறோம் என்று செய்த 492 ஆய்வுகளை ஃபோர்ஷர் என்பவரும் மற்றவர்களும் 2019-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சோதனைத் தாளில் மதிப்பெண் கொஞ்சம் மாறுகிறது, நடத்தை அதோடு சேர்ந்து மாறியதற்கு ஆதாரம் இல்லை. அரை நாள் பட்டறை, சான்றிதழ், குரூப் போட்டோ, மறுநாள் அதே “கறுப்புப் பையன்”.

உரைகல்:
சட்டப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நிறம் இனத்துக்குள் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். யுனெஸ்கோவின் கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை (1960), ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) இரண்டிலும் ‘இனம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘நிறம்’ தனியாக எழுதப்பட்டிருக்கிறது. எனவே ஒரே சமூகத்துக்குள் நிறம் பார்த்து நடத்துவது வெறும் ரசனைக் கோளாறு என்று பள்ளி தப்பிக்க முடியாது. பள்ளியின் நடத்தை விதியில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள், காசு செலவில்லை.

சாய்சதுரம்:
சரி, செய்ய வேண்டியது. மனதைத் திருத்துவதைத் தள்ளிவைத்துவிட்டு, மனம் புகுவதற்கு இடம் விடாத ஏற்பாட்டைச் செய்யலாம் என்பது என் கட்சி. விருந்தினரை வரவேற்க, பரிசுத் தட்டு ஏந்த, படத்துக்கு நிற்க ஆள் வேண்டுமா? வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி சுழற்சி. நாடகத்துக்கு ஆள் எடுக்க, திரைக்குப் பின்னால் நின்று வசனம் பேச வைத்து, கேட்டுத் தேர்ந்தெடுங்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண்.

நீலமை:
ஆண்டு முடிவில் யாருக்கு என்ன கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக நிறத்தை எழுத வேண்டுமே?

சாய்சதுரம்:
எழுதாதீர்கள், தயவு செய்து. ஆராய்ச்சியாளர்களுக்கே அது தலைவலி. வெகுகாலம் தோலை வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவையை வைத்து ஓட்டினார்கள், அது 1975-இல் தோல் மருத்துவர்கள் புற ஊதாக் கதிர் சிகிச்சையின் அளவை முடிவுசெய்ய வந்தது. கறுத்த நிறங்களுக்கு அதில் இடம் குறைவு. 2022-இல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் பத்து நிற அளவை ஒன்றைக் கொடுத்தார். அதெல்லாம் ஆய்வுக்கு. வகுப்பாசிரியர் கையில் நிற அட்டையோடு பிள்ளைகள் முன்னால் நின்றால் அதுவே வன்முறை. சுழற்சி வைத்துவிட்டால் எண்ண வேண்டிய தேவையே பாதி போய்விடும்.

இரண்டு பிள்ளை அப்பா:
பெற்றோர் பக்கமிருந்து என்ன செய்வது? அடுத்த கூட்டம் வருகிறது.

மழைக்குருவி:
“நம்ப முடியவில்லை” என்று யாராவது சிரித்தால் நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள் அண்ணா, அது போதும். “எதை நம்ப முடியவில்லை டீச்சர்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் வராது. பிறகு பெரியவனின் பெயரைச் சொல்லி, அவனுடைய அறிவியல் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சை எடுங்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள். சின்னவளின் பின்னத்தையும் கேளுங்கள், வகுப்பு நேரத்தில் ஒத்திகைக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வெளுத்த பென்சில்:
பிள்ளைகளின் தவறை எழுதிவைக்கும் ஒழுங்கு நோட்டைப் பற்றி யாரும் முடிவு சொல்லவில்லையே. துறுதுறுப்பு, திமிர்.

சாய்சதுரம்:
அதற்கு ஒரே விதி. பெயரடை எழுதக் கூடாது, செய்ததை எழுத வேண்டும். ‘திமிராக நடந்தாள்’ தள்ளுபடி. ‘நோட்டை எடுக்கச் சொன்னபோது எடுக்கவில்லை’ செல்லும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னோர் ஆசிரியர் பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு வாசிக்கட்டும்.

கடைசிபெஞ்ச்:
‘முறைத்தாள்’ என்று எழுதினால்? அது செயல்தானே?

சாய்சதுரம்:
அது எழுதினவர் பார்த்த பார்வை. ‘கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றாள்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தண்டனை வேண்டுமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீலமை:
நோட்டின் முதல் பக்கத்தில் இந்த விதியை ஒட்டிவிட்டு, திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொண்டுபோகிறேன். போஸ்டர் காசு மிச்சம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.